ராட்டினத்துக்கு அழுதவர்

அவர் யாரையும் வாடா போடா என்று பேசி நான் கேட்டதில்லை. கூடை சுமக்கிற பெண்களைக்கூட "வாங்கம்மா, போங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதும் அதே மரியாதைதான். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாங்க" என்பதை, பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில் சொல்லுவார். மரக்காணம் உப்பளங்களில் நான் பார்த்த மேஸ்திரிகள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள். காலையில் திட்டிவிட்டு மதியம் நம்மிடமே வந்து வெற்றிலை கேட்பார்கள். எங்கள் முதலாளியிடம் திட்டும் கிடையாது, வெற்றிலையும் கிடையாது.

அவர் எங்கள் அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். திண்டிவனம் பக்கத்து ஆள். பாலிடெக்னிக் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஏதோ தொழிற்சாலையில் இருந்தார். மாமனார் படுத்த படுக்கையானதும் அவருடைய உப்புக் குத்தகை இவர் கைக்கு வந்தது. அம்மா மாமனார் காலத்திலேயே அங்கே உப்பு வாரியவள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அம்மாவுடன் போக ஆரம்பித்தேன். இப்போது அவர் குத்தகையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார் என்கிறார்கள். போகட்டும்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. வியாழன் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஆளில்லாத விண்கலம். ஜூனோ என்று பெயர். மூன்று பக்கமும் நீளமாகச் சோலார் தகடுகளை விரித்துக்கொண்டு, தன்னைத் தானே சுற்றிக்கொண்டே போகும். முதன்முதலில் அதன் படத்தை அவர் எங்களுக்குக் காட்டியபோது, எங்களோடு கூடை சுமக்கிற ஏழுமலை அண்ணன் என் காதருகில் வந்து, "இன்னாடி இது, மயிலம் திருவிழா ராட்டினமாட்டம் கீது" என்றார். அன்றிலிருந்து அளத்தில் அதன் பெயர் ராட்டினம்தான். முதலாளிக்கு மட்டும் தெரியாது.

ராட்டினம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை வியாழனுக்கு மிக அருகில் பாய்ந்து போய்ப் படம் எடுத்துவிட்டு மறுபடி தூரமாகப் போய்விடும். அந்த நாள் வரும்போது முதலாளிக்குச் சோறு இறங்காது. எங்கள் அளத்தில் டவர் சரியாகக் கிடைக்காது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், கீற்று போட்டு மூடி வைத்த உப்பு அம்பாரத்தின் உச்சியில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். அவர் வெள்ளைச் சட்டையோடு அதன் மேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேறு யாராவது அம்பாரத்தில் கால் வைத்தால் உப்பு சரியும் என்பார். அவர் ஏறினால் சரியாது போலிருக்கிறது.

படங்கள் அங்கிருந்து நேராக அழகாக வருவதில்லை. சாம்பல் நிறத்தில் கீற்றுக் கீற்றாக வரும். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கலத்தை அனுப்பினவர்கள் இணையத்தில் போட்டுவிடுவார்கள். இவர் கொட்டகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தக் கீற்றுகளை ஒட்டி, நிறம் ஏற்றி முழுப் படமாக்குவார். நிறத்தை அவர் இஷ்டத்துக்கு அடிக்கவில்லை, கீற்றுக்குள்ளேயே இருக்கிறதாம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீலமும் வெள்ளையும் பழுப்புமாகச் சுருள் சுருளாக இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் கலர் கோலத்தில் வாளித் தண்ணீரைக் கொட்டியதுபோல் இருந்தது. நான் கையில் வைத்திருந்த சோற்றை மறந்துவிட்டேன்.

"அழகா இருக்குதுல்லங்க?" என்றார். சின்னப் பிள்ளை தான் வரைந்த படத்தைக் காட்டிக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு அவரை அப்போது ரொம்பப் பிடித்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

முதலாளிக்கு ஈவிரக்கமே கிடையாது என்று அளத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இருந்தது, நிறையவே இருந்தது. அத்தனையையும் மூட்டை கட்டி வியாழனுக்கு அனுப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாதம் ஏழுமலை அண்ணன் வரப்பில் மயங்கி விழுந்தார். தலையில் உப்புக் கூடையோடு விழுந்ததால் வாயெல்லாம் உப்பு. முதலாளிதான் முதலில் ஓடி வந்தார். தன் பாட்டில் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார். நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அம்மா அந்தச் சமயம் பார்த்து, "மொதலாளி, பாத்திங்க ஓரமா ஒரு கீத்துக் கொட்டாய் போட்டுக் குடுத்தா நடுவுல செத்த நேரம் நிழல்ல ஒக்காருவோம்" என்று கேட்டாள்.

அவர் ஏழுமலை அண்ணன் பக்கத்தில் குந்தியபடியே அம்மாவைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "வியாழன்ல எவ்ளோ வெயில் தெரியுமாங்க? நமக்கு இங்க வர்றதுல இருபத்தஞ்சுல ஒரு பங்கு. அதைப் புடிக்கிறதுக்கு அது மூணு றெக்கையை விரிச்சிக்கிட்டு எவ்ளோ பாடு படுது பாருங்க. இவ்ளோ வெயில் நமக்குச் சும்மா கெடைக்குது. நீங்க போய் நெழல் கேக்கறீங்க."

ஏழுமலை அண்ணன் படுத்த இடத்திலிருந்தே, "மன்னிச்சுக்குங்க மொதலாளி" என்றார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கும் தெரியாது. கொட்டகை கடைசி வரை வரவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. அடுத்த தடவை கேமரா வியாழனில் எந்த இடத்தைப் படம் எடுக்கலாம் என்று பொதுமக்கள் இணையத்தில் ஓட்டுப் போட கொஞ்ச நாள் ஒரு வழி இருந்தது. முதலாளிக்கு வேண்டிய புயல் ஒன்று ஓட்டில் பின்தங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் போன்களையெல்லாம் வாங்கி, ஒவ்வொன்றிலும் பதிந்து, ஒவ்வொருத்தர் பெயரிலும் அவரே ஓட்டுப் போட்டார். அம்மாவுடையது பட்டன் போன். அதில் முடியாது என்று தெரிந்ததும் அம்மாவைப் பார்த்து, "உங்களால ஒரு ஓட்டுப் போச்சுங்க" என்றார். அவருக்கு அது உண்மையிலேயே வருத்தம்தான். வேலை முடியும் வரை அம்மாவிடம் பேசவில்லை.

எங்கள் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஓட்டுப் போடும்போது ஒவ்வொருத்தரிடமும் பெயர் கேட்டார், அதோடு சரி. மற்ற நாட்களில் பாத்திதான் பெயர். அம்மா மூணாம் பாத்தி அம்மா. நான் மூணாம் பாத்திப் பொண்ணு. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் நாங்கள் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துணி சுற்றிக்கொள்வோம், கண் மட்டும் வெளியே தெரியும். ஆனால் வியாழனின் புயல் ஒவ்வொன்றையும் அவர் அடையாளம் சொல்லுவார். போன தடவையைவிட இது கொஞ்சம் இளைத்திருக்கிறது என்பார்.

இனி அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும்.

உப்பு வாருகிறவர்களுக்குக் கண் நன்றாக இருக்க வேண்டும். பாத்தியின் அடியில் களிமண். அதன் மேல் உப்பு படிந்திருக்கும். உப்பு வாருகிற பலகையைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் சேறும் சேர்ந்து வந்துவிடும், உப்பு கறுத்துப்போகும். வெள்ளை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும். அந்த வெள்ளைதான் கண்ணைத் தின்கிறது. காலை வெயில் உப்பில் பட்டுத் திரும்பி நேராகக் கண்ணுக்குள் இறங்கும். பத்துப் பதினைந்து பருவம் வாரினவர்கள் கண்ணைப் பார்த்தாலே தெரியும், எப்போதும் இடுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வருடம் வியாபாரி கறுப்பு உப்பு என்று ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினார். அந்த வருடத்திலிருந்து முதலாளி கண் சோதனை வைத்தார். தை பிறந்து மழைத் தண்ணீர் வடிந்ததும், பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கும். அன்று ஆட்களைத் தேர்ந்தெடுப்பார். எல்லோரையும் வரப்பில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தர் முன்னாலும் போனைப் பிடிப்பார். வியாழனின் துருவத்தில் புயல்கள் வட்டம் கட்டி நிற்கிற படம். "எண்ணுங்க" என்பார்.

ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான். ஆனால் மரியாதையாக.

தென் துருவமென்றால் நடுவில் ஒன்று, சுற்றி ஐந்து. ஆக ஆறு. வட துருவமென்றால் நடுவில் ஒன்று, சுற்றி எட்டு. ஆக ஒன்பது. இரண்டைத் தவிர மூன்றாவது படம் கிடையாது. இது எங்களுக்கு இரண்டாவது வருடமே மனப்பாடம். பெரும்பாலும் தெற்குதான் காட்டுவார். முன்னால் நிற்பவர் "ஒன்பதுங்க" என்றால் பின்னால் நிற்பவரும் ஒன்பது. பார்வை மங்கினவர்கள் வரிசையில் கடைசியாக நிற்பார்கள். அம்மா மூன்று வருடம் அப்படித்தான் தப்பித்தாள்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது. இன்னொரு கண்ணில் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று முகாமுக்கு வந்த டாக்டர் சொல்லியிருந்தார். செய்தால் ஒன்றிரண்டு மாதம் வெயில், தூசி, உப்புத் தண்ணீர் எதுவும் ஆகாது. அம்மா முதலாளியிடம் போய் அந்த இரண்டு மாதத்தைக் கேட்டாள். "தாராளமாப் போய்ப் பண்ணிக்கிட்டு வாங்கம்மா" என்றார். அம்மா சந்தோஷமாகத் திரும்பும்போது, "எடத்தை மட்டும் காலியா வச்சிருக்க முடியாதுங்க" என்றார். அம்மா ஆபரேஷனை மழைக்காலத்துக்குத் தள்ளினாள். மழைக்காலத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, குறைத்துக்கொண்டு வா என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் தை வந்துவிட்டது.

அப்பா போன பிறகு அந்த மூணாம் பாத்திதான் எங்களுக்கு எல்லாம். அம்மாவுக்கு வேறு வேலை தெரியாது, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு யாரும் வேலை தரவும் மாட்டார்கள். இடம் போனால் திரும்பக் கிடைக்காது என்பது அம்மாவின் பயம். இரவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தத் தை மாதம் வரிசையில் நின்றோம். அம்மா வழக்கம்போலக் கடைசி. அவளுக்கு முன்னால் நான். முதலாளி கொட்டகையிலிருந்து வந்தார். வழக்கமாக மோட்டார் பக்கமிருந்து தொடங்குவார். அன்று ஏனோ எங்கள் பக்கமாக வந்துவிட்டார். அம்மாதான் முதல்.

அவர் முகம் அன்றைக்குச் சரியாக இல்லை. தூங்காத கண். போனை அம்மா முன்னால் நீட்டி, "இதைப் பாருங்கம்மா" என்றார். எண்ணச் சொல்லவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் வியாழனும் இல்லை, புயலும் இல்லை. வெறும் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக, மழை நாளில் டிவி இழுத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அம்மாவைத் தொட்டு எச்சரிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஆறுங்க. நடுவுல ஒண்ணு, சுத்தி அஞ்சு."

முதலாளி போனைத் திருப்பித் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, "இதுல ஒண்ணுமே இல்லைங்களே" என்றார்.

அம்மா துணிக்குள்ளிருந்து, "தெற்குங்களா, வடக்குங்களா?" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவின் முன்னாலேயே நின்று, எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். வியாழனைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு அடித்துக்கொண்டே இருக்கிறதாம். கலத்தின் மூளையை டைட்டானியப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தவர்கள் கேமராவை வெளியே விட்டுவிட்டார்களாம்.

"ஏழெட்டு சுத்து தாங்கினாப் போதும்னுதான் அந்த கேமராவை அனுப்பினாங்க. அம்பது சுத்துக்கு மேல உழைச்சிச்சுங்க. ஒரு நாள் லீவு கேக்கலை. கடைசில கதிர் அடிச்சு அடிச்சு இப்படி ஆயிடுச்சு." போனை மறுபடி உயர்த்திக் காட்டினார். "எல்லாரும் விட்டுட்டாங்கன்னு நெனைச்சேன். விடலைங்க. இங்கேர்ந்து ஒரு கட்டளை அனுப்பினா அங்க போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆவுது. அங்க இருக்கிற சின்ன ஹீட்டரைப் போட்டு, நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற அளவுக்குச் சூடு குடுத்தாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க, கொஞ்சம் சூடு. காத்துக்கிட்டே இருந்தாங்க. அது..."

அங்கே அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. தொண்டையைச் செருமினார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். நாங்கள் அவர் அழுது பார்த்ததில்லை. மாமனார் செத்தபோதுகூடப் பார்த்ததில்லை. விரலால் போனைத் தள்ளி அடுத்த படத்தைக் காட்டினார். வியாழனைச் சுற்றுகிற, நெருப்பு கக்குகிற ஒரு நிலா, துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது.

"திரும்ப வந்துடுச்சுங்க" என்றார்.

அம்மா அவர் குரலை மட்டும்தான் கேட்டாள். "அழாதீங்க மொதலாளி" என்றாள். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா எனக்கும் சரியாயிடும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு."

முதலாளி போனைப் பையில் போட்டார். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். அடுத்து என்னிடம் திரும்பி, "நீங்க இருங்க. உங்க பார்வை நல்லாருக்கு" என்றார்.

அவர் முகத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. "எனக்கும் உங்க வேலை வேணாம்" என்று சொல்லிவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். வழுக்குகிற வரப்பு. அம்மா காலால் தடவித் தடவி வந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும், "பாவம்டி மொதலாளி" என்றாள்.

"யாரு பாவம்?"

"எனக்குக் கண்ணு போயிடுச்சேன்னு எப்படி அழுதாரு பாத்தியா."

"எம்மா, அவரு அந்த கேமராவுக்கு அழுதாரு."

"போடி. ஆம்பளை, அதுவும் மொதலாளி, கூலிக்காரி கண்ணுக்காக அத்தினி பேர் முன்னாடி நேரா அழுவாரா? ராட்டினத்தைச் சொல்றாப்ல என்னைச் சொல்லி அழுதாரு."

நான் வாதாடினேன். கத்தினேன். அம்மா மசியவில்லை. அன்று வரப்பில் நின்ற பெண்கள் மாலையில் அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். அவர்களிடமும் இதையே சொன்னாள். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமாக்கா, ரொம்பத்தான் அழுதாரு" என்று ஒருத்தி சொன்னாள். இடம் போனவளிடம் அதையும் பிடுங்க யாருக்கு மனசு வரும்? எனக்கு மட்டும்தான் வந்தது.

சர்க்கரை குறைந்ததும் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. முதலில் புரை, கொஞ்ச நாள் விட்டுச் சதை. நான் அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கட்டில் விரிப்பு மாற்றுகிற ஆயாவிலிருந்து சொட்டு மருந்து விடுகிற நர்ஸ் வரை அம்மா எல்லோரிடமும் முதலாளி அழுத கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில் அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாகவே ஆகிவிட்டது. என் சம்பளம் போதும், நீ வீட்டில் இரு என்று நான் சொன்னபோது அம்மா சிரித்தாள். "எனக்கு எடம் வச்சிருப்பாரு" என்றாள்.

கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்றதும் ஒரு நாள் கிளம்பிவிட்டாள். அக்னி வெயில் காலம். அந்தச் சமயத்தில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள், எல்லா அளத்திலும் ஆள் தேடுவார்கள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையில் முந்தானை மட்டும் போட்டிருந்தாள். முகத்துக்குத் துணி கட்டவில்லை. வரப்பில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பாத்திகளைக் காட்டி, "எம்மா, இவ்ளோ வெள்ளையாவா இருக்குது!" என்றாள்.

முதலாளி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "சொல்லுங்கம்மா" என்றார்.

"வேலைக்கு வந்தேங்க" என்று அம்மா சிரித்தாள். வாய் நிறையச் சிரிப்பு.

அவர் போனை எடுத்து நீட்டினார். அம்மா போனைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல வருடம் கழித்து அந்த முகத்தை முழுதாகப் பார்க்கிறாள்.

"என்னைப் பாக்காதீங்கம்மா. போனைப் பாருங்க. எத்தனை சுழி இருக்குதுன்னு எண்ணுங்க."

அம்மா குனிந்து, விரல் வைத்து எண்ணினாள். "ஒன்பதுங்க. நடுவுல ஒண்ணு, சுத்தி எட்டு." கொஞ்சம் நிறுத்தி, "இந்த ஓரத்துல இருக்கறது மட்டும் மங்கலா கீதுங்க" என்றாள்.

முதலாளிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அடடே! மங்கலா இருக்கறதைக்கூடச் சொல்றீங்களே. அது கேமராவோட கோளாறுங்க" என்றார். கதை தொடங்கிவிட்டது. கதிர்வீச்சு, டைட்டானியப் பெட்டி, ஏழெட்டு சுத்து, ஒரு நாள் லீவு கேட்காதது, முக்கால் மணி நேரம், கொஞ்சம் சூடு. ஒரு வார்த்தை மாறவில்லை. "காத்துக்கிட்டே இருந்தாங்க. அது..." என்ற இடத்தில் குரல் அடைத்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக் கையால் துடைத்தார்.

இந்தத் தடவை அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தாள். அந்தக் கண் போனை விட்டு அசையாததையும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனதென்று எனக்குத் தெரியவில்லை.

"திரும்ப வந்துடுச்சுங்க" என்று முடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலாளி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"புதுசா இருக்கீங்க. இதுக்கு முன்னாடி எங்கயாவது உப்பு வாரியிருக்கீங்களாம்மா?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூணாம் பாத்தி என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

கண் ஆபரேஷன் செய்துகொண்ட பழைய ஆள் என்றால் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் குரலிலேயே தெரியும்: "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

"இல்லைங்க" என்றாள் அம்மா. "காட்டிக் குடுத்தா செஞ்சிடுவேங்க."

"கத்துக்கலாங்க, ஒண்ணும் பெரிய வேலை இல்லை. மூணாம் பாத்தில ஒரு எடம் காலியா இருக்குது. நாளைக்கு வந்துடுங்க."

மறுநாள் விடிவதற்கு முன்னால் அம்மா முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்தப் பருவம் முழுக்கப் போனாள். முதலாளி அழுத கதையை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை.